மாமியின் அறை ரேடியேட்டரில் நான் காட்டின கைவண்ணம்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. மாமி வந்து படுக்கப்போற அறையிலை ரேடியேட்டரைச் சூடாக்கிறது.

மாமி எண்டது என்ரை மனிசி சுபாவின்ரை அம்மா. பக்கத்து ஊர் விட்பியிலை மூத்த மகளோடை இருக்கிறா. பிள்ளை பிறந்து லீவிலை நிண்ட சுபா திங்கக்கிழமை திரும்ப வேலைக்குப் போறா. மாமி வந்து பிள்ளையைப் பாக்காட்டி எங்கடை பாடு அதோகதிதான். பிள்ளை பாக்கிற டேகெயாரிலை இடமும் இல்லை.

போன விண்டருக்கும் மாமி வந்தவ. வந்த வேகத்திலையே திரும்பிப் போட்டா. மருமோன் வீட்டிலை ஐஸ்பெட்டிக்கை படுத்தன் எண்டு குடும்ப வாட்ஸ்அப் குறூப்பிலை குரல் பதிவு வேறை. அதுக்குக் கீழை மூத்த மகளின்ரை மனிசன், என்ரை சகலன், ஒரு கைகூப்புப் படம் போட்டான். அவன்ரை வீட்டிலை நிலத்துக்கடியிலையும் சூடு ஓடும், நிலமே சுடும்.

எங்கடை வீடு வெக்ஸ்போர்ட் எண்ட இடத்திலை, நல்ல பழசு. நிலக்கீழ் அறையிலை பொயிலர் தண்ணியைச் சுடவைச்சு எல்லா அறையிலையும் உள்ள இரும்பு ரேடியேட்டருக்கு அனுப்பும், அதுதான் அறையைச் சூடாக்கும். மாமியின்ரை அறை ரேடியேட்டர் மட்டும் அடியிலை சூடு, மேலை சில்.

பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி சுபா சொன்னா. நான் சிரிச்சன். நாங்கள் என்ன பிளம்பரைக் கூப்பிடுற ஆக்களே? எந்த வேலைக்கும் எங்களுக்குத் 'தெரிஞ்ச ஒரு அண்ணை' இருப்பார். எனக்கு அப்பிடி ஒருத்தர் சிறி அண்ணை. வீடு வித்துக் குடுக்கிறவர். அவருக்கு ரேடியேட்டரைப் பற்றி என்ன தெரியும் எண்டு சுபா கேட்டா. இவ்வளவு வீடு வித்தவருக்குத் தெரியாததோ எண்டு நான் கேட்டன்.

போன் எடுத்தன். உள்ளுக்கை காத்து நிக்குது, பக்கத்திலை ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதைத் திருகிக் காத்தை வெளியிலை விடுங்கோ எண்டார். அவ்வளவும் சரி. அதோடை நான் போனை வைச்சிருக்கோணும்.

"தம்பி, காத்துப் போன உடனை பூட்டாதேங்கோ. ஊத்தைத் தண்ணி முழுக்கப் போகட்டும். கண்ணாடி மாதிரித் தண்ணி வரோணும்."

தேத்தண்ணிக் கோப்பை ஒண்டோடை போய்க் குந்தினன். திருகினன். உஸ்ஸ் எண்டு காத்து வந்தது. எனக்குப் பெருமை தாங்கேல்லை. படம் எடுத்துப் போடுவம் எண்டு போனை எடுக்க, கறுப்புத் தண்ணி பாஞ்சுது!

கோப்பை கண்மூடித் திறக்கிறதுக்குள்ளை நிரம்பிச்சு. வாளி தேடி ஓடினன். அகப்பட்டது புரியாணிச் சட்டி. அதுக்கிடையிலை மாமிக்கெண்டு விரிச்ச புது வெள்ளை விரிப்பு புள்ளி மாட்டின்ரை முதுகு மாதிரிப் போச்சு.

ஆனால் ரேடியேட்டர் சுட்டது. மேலையும் கீழையும் சுட்டது. புத்தியுள்ளவன் அங்கை நிப்பாட்டியிருப்பான்.

தண்ணி இன்னும் கறுப்பாய்த்தானே வருது எண்டு நான் யோசிச்சன். இதுக்குள்ளை இவ்வளவு ஊத்தை எண்டால் மற்றதுகளுக்குள்ளை எவ்வளவு இருக்கும்? எங்கடை அறை, பிள்ளையின்ரை அறை, ஹோல் எண்டு ஒண்டும் விடாமல் திறந்து விட்டன். சட்டி சட்டியாய் ஊத்தினன். சுபா வேண்டாம், வேண்டாம் எண்டு பின்னாலை வந்தா. தொழில் தெரிஞ்சவனைக் குழப்பாதை எண்டன்.

கடைசியிலை ஒரு ரேடியேட்டரும் சுடேல்லை. கீழை போய்ப் பாத்தன். பொயிலரிலை தண்ணி அழுத்தம் காட்டுற முள்ளு பூச்சியத்திலை நிக்குது. வீட்டுக்குள்ளை ஓடவேண்டிய தண்ணியை எல்லாம் நான் கைகழுவுற பேசினுக்குள்ளை ஊத்திப்போட்டன்.

திரும்பச் சிறி அண்ணைக்கு எடுத்தன். பழைய வீடு எண்டால் உப்பிடித்தான் தம்பி, விட்பியிலை புது வீடு ஒண்டு விலைக்கு வந்திருக்கு, நாளைக்குக் காட்டட்டோ எண்டு கேட்டார்.

அந்த நேரம் பாத்துச் சகலன் மாமியைக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளுக்கை வந்தவன் ஜாக்கெட்டைக் கழட்டேல்லை. என்னைப் பாத்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்புத்தான் தாங்கேலாமல் இருந்தது.

மாமி தன்ரை அறைக்குப் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பாத்தா. பிறகு எங்கடை அறைக்குப் போய் அதையும் தொட்டா. ஹோலிலையும் தொட்டா. சுபா பிள்ளையைக் கரண்ட் ஹீட்டருக்குப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு என்னையே பாத்தா. மாமி திரும்பவும் போனால், நாளைக்குக் காலமை பிள்ளையை ஆர் பாக்கிறது?

"தம்பி, உங்கடை அறையும் குளிரோ?"

"ஓம் மாமி. அதுதான் கூடக் குளிர்."

மாமி பையைக் கீழை வைச்சா.

"அப்ப பரவாயில்லை. போனமுறை நீங்கள் சூட்டிலை படுத்துக்கொண்டு எனக்கு மட்டும் குளிர் அறையைத் தந்தனீங்கள். அதுதான் எனக்கு மனவருத்தம்."

சகலனைப் போகச் சொல்லிப்போட்டுப் பிள்ளையைத் தூக்கினா. அவன்ரை முகத்தை நான் படம் எடுத்திருக்கோணும்.

திங்கக்கிழமை சுபா வேலைக்குப் போனா. உண்மையான பிளம்பர் ஒருத்தர் வந்தார். ஒரு குழாயைத் திறந்து தண்ணியை நிரப்பினார். வீடு சுடத் தொடங்கிச்சு. எல்லா அறைக்கும் ஒரேமாதிரி விடட்டோ எண்டு கேட்டார்.

மாமியின்ரை அறைக்கு முழுக்க விடுங்கோ, எங்கடை அறைக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ எண்டன்.