லகான் அண்ணனும் துரையின் குதிரையும்

“...துரை சுடுமணல்ல உக்காந்தவரு மாதிரி ஏறி ஏறி இறங்குவாரு. பந்தயக்காரன் குதிரை காதுல கோள் சொல்றவன் மாதிரி குனிஞ்சே கெடப்பான். போலீஸ்காரன் ஸ்டேஷன் நாற்காலியோட ஏறிட்ட மாதிரி வெறப்பா வருவான். மூணு பேருல ஒருத்தனாவது குதிரைய ஒரு வார்த்தை கேட்டானா தம்பி?”

கேட்டவர் லகான் அண்ணன். மனிதர்களை முகம் பார்த்து அல்ல, உட்காரும் விதத்தைப் பார்த்து எடைபோட்டவர் மலாக்காவிலேயே அவர் ஒருவர்தான். எங்கள் தெரு காஜா பெராங்; மலாயில் கோபக்கார யானை என்று அர்த்தம் சொல்வார்கள். யானையை நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு வாய்த்தது கோபக்காரக் குதிரைக்காரர்.

ஒரு கல்யாணத்தில் மணையில் இருந்த மாப்பிள்ளையைச் சுற்றி வந்து பார்த்தார். “இடுப்பு தளர்வா இருக்கு, தோள் எறங்கியிருக்கு. பொண்ணு பயமில்லாம வாழலாம்” என்று பெண்ணின் அப்பாவிடமே சொன்னார். படக்கொட்டகையில் கதாநாயகன் குதிரையில் பாய்ந்து வர, ஊரே விசிலடித்தது. இவர் எழுந்து, “டேய், அது வாயக் கிழிக்காதடா! லகான விடு!” என்று கத்தினார். அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் படத்தைத் தொடர்ந்தார்கள். பெயரும் அன்றுதான் நிலைத்தது.

துரையின் குதிரைக்குத் துரை வைத்த பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அண்ணனுக்கு அவள் முத்தம்மா. குட்டியிலிருந்து வளர்த்தவர். அவர் தேநீர் குடிக்கும்போது அவள் தாடையை அவர் தோளில் வைத்துக்கொள்வாள். கூலா மலாக்கா வெல்லத்தில் பாதி அவளுக்குப் போகும். துரை சவாரி போனால் அண்ணன் கூடவே ஓடுவார். “போலாமா முத்தம்மா?” என்று மெல்லக் கேட்பார். அவள் நடப்பாள். “போதும்டி” என்பார். நிற்பாள். தன் கையசைவுக்குத்தான் குதிரை ஆடுகிறது என்று துரை கடைசிவரை நம்பினார். கிளப்பில் பெருமையும் அடித்துக்கொண்டார்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்கு விடுதலை. துரை கப்பலுக்கு மூட்டை கட்டினார். முத்தம்மாவைக் குருபோங் ஊரில் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, ஒரு தவுக்கேயிடம் விற்றுவிட்டார்.

தவுக்கே வந்து ஏறினார். லகானை ஆட்டினார், குதிகாலால் தட்டினார். முத்தம்மா முளை அடித்த மாதிரி நின்றாள்.

ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையிலிருந்து வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த நான் அண்ணன் காதைக் கடித்தேன். “வாயத் தொறக்காதீங்கண்ணே. நகரலேன்னா தவுக்கே விட்டுட்டுப் போயிருவாரு. துரையும் போறாரு. அப்புறம் முத்தம்மா ஒங்களுக்குத்தான் லா!”

அண்ணன் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். அவர் வாய் மூடியிருந்து அன்றுதான் பார்த்தேன். தெருவே அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தவுக்கே ஒரு ரோத்தானைக் கேட்டு வாங்கினார். பிரம்பு மேலே போனது. முத்தம்மாவின் தோல் ஒருமுறை சிலிர்த்தது.

“தவுக்கே! அதக் கீழ போடுங்க!” அண்ணன் பாய்ந்து பிரம்பைப் பிடித்துவிட்டார். “அவள அடிச்சுப் பழக்கமில்ல. கேக்கணும். ‘போலாமா முத்தம்மா’ன்னு கேளுங்க.”

“போச்சு” என்றார் என் பக்கத்தில் நின்ற பால்காரர்.

தவுக்கே நாக்கைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார். முத்தம்மா காதைத் திருப்பினாள். நடக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவள் கழுத்தில் கைவைத்து, “போ ஆத்தா” என்றார்.

போனாள்.

நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அண்ணனோ கண்ணைச் சுருக்கி, போகிற தவுக்கேயின் முதுகையே பார்த்தார். “பாரு, பாரு, முட்டி ரெண்டும் கோழி றெக்க மாதிரி விரியுது. குருபோங் போறதுக்குள்ள இந்தாளு குதிகால் குத்தியே அவ விலா புண்ணாயிரும்!”

சொல்லிக்கொண்டே ஓடிப்போய், தவுக்கேயின் முழங்காலைச் சேணத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூடவே நடந்து போனார்.