பனி வரப்பும் ஒரு சின்னச் சந்தேகமும்

ஊருக்கு ஊர் மன்றத்தின் பெயர் மாறலாம். அதன் கூட்டத்துக்கு அழைக்காமலே வந்து உட்காரும் அந்தப் பெண்மணி மட்டும் மாறுவதில்லை. அவர் உறுப்பினர் அல்ல. நிருபரும் அல்ல. எதிர்க்கட்சி என்று நினைத்துவிடாதீர்கள்; எதிர்க்கட்சியாக இருந்தால் ஏதாவது ஒரு குழுவில் போட்டுச் சமாளித்துவிடலாம். இவர் 'சின்னச் சந்தேகம்' என்ற தனி இனம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரத்து நாற்காலியில் இருப்பார். குளிர் நாட்டு மன்றம் என்றால், இரும்பு நாற்காலியின் சில்லிப்புக்கு அஞ்சி வீட்டிலிருந்தே ஒரு மெத்தை கொண்டுவந்திருப்பார். காலடியில் காபி தெர்மாஸ் இருக்கும். கூட்டம் முடியப்போகிறது, தலைவர் கோட்டை எடுக்கக் கை நீட்டுகிறார், அந்த நேரம் பார்த்து இவர் எழுந்து நின்று, தனக்கு ஒரு சின்னச் சந்தேகம் என்பார். அந்தச் 'சின்ன' என்ற சொல்லைக் கேட்டதும் அனுபவமுள்ள அதிகாரிகள் கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஏன் இத்தனை பயம்? கத்துகிறவரைக் கண்டு யாருக்கும் பயமில்லை. ஒருவர் மேசையைக் குத்தி, வரிப்பணம் பாழாகிறது என்று முழங்கினால், தலைவர் அவருடைய ஊர்ப்பற்றைப் பாராட்டுவார். முழங்கியவர் முகம் மலர்ந்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். நம் பெண்மணி முழங்குவதில்லை. "எப்ப?" என்று கேட்பார். "யார் பார்த்துக்கறாங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அப்படி நிற்பதைத்தான் யாராலும் தாங்க முடியாது.

சஸ்காட்செவன் என்ற குளிர்ப் பிரதேசத்துச் சமவெளியில் லார்க்ஸ்பர் என்ற சிற்றூரில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் இருந்தார்; பெயர் ஐரீன் ஹூலிக். பள்ளிப் பேருந்து ஓட்டுவது தொழில். எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று காலையும் மாலையும் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள், ஊரையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிட்டன. கணவர் வால்டர் ஒரு புது மண்வெட்டி வாங்கி வந்தால், பழையது எங்கே உடைந்தது, யார் கையில் உடைந்தது என்பதெல்லாம் விசாரிக்கப்படும். சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தில், மணப்பெண் வாசலில் காத்திருக்க, 'அவசர வழி' என்று எழுதிய கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று பாதிரியாரைக் கேட்டவர் அவர். சாவி தேடி எடுக்கப்பட்டது. கதவும் திறந்தது, கல்யாணமும் நடந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஐரீனுக்கு வந்த சந்தேகம் பனியைப் பற்றியது. பனி விழுவதைப் பற்றி அல்ல. அதற்குக் கவுன்சிலைக் கேட்டுப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். விழுந்த பனியை வாருவதைப் பற்றி.

பனி வாரும் லாரி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது, வழித்த பனியை இரண்டு ஓரமும் ஒதுக்கிவிட்டுப் போகும். வயல் வரப்புப் போல முழங்கால் உயரத்துக்கு அது நிற்கும். ஒரு இரவு உறைந்தால் கல். அதை உடைத்து ஆள் கடக்க வழி செய்ய ஊரில் ஒரு சின்ன இயந்திரம் உண்டு. அது எங்கே போகும்? முதலில் ஐஸ் ஹாக்கி அரங்கத்து வண்டி நிறுத்தத்துக்கு. பகலெல்லாம் அங்கே இழைத்து மெழுகிவிட்டு, மாலையில் மற்ற இடங்களுக்கு வரும்போது வரப்பு கல்லாகியிருக்கும், ஓட்டுநரின் வேலை நேரமும் முடிந்திருக்கும்.

முதியோர் குடியிருப்புக்கும் எதிரே உள்ள மருத்துவமனைக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்தான் தூரம். குடியிருப்பில் ஐரீனின் அண்ணன் மனைவி பாலின் இருந்தார். அண்ணன் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பாலின் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். நடைப் பயிற்சி கொடுப்பவர் மருத்துவமனைக்குத்தான் வருவார். பயிற்சியை இப்படியே தவறவிட்டால் வசந்தம் வருவதற்குள் நிரந்தரமாகச் சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாலினோ வரப்பைத் தாண்ட முடியாமல் ஜன்னலில் உட்கார்ந்து எதிர்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி நேரத்தில் ஐரீன் பேருந்தில் பிள்ளைகளோடு இருப்பார். பக்கத்துப் பண்ணை இளைஞர்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் விடுவதாகச் சொன்னதற்குப் பாலின், "நான் என்ன சோபாவா, தூக்கி அந்தப் பக்கம் வைக்க?" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

ஆக, நவம்பர் கூட்டத்தில் ஐரீன் எழுந்து, அந்தச் சின்ன இயந்திரம் முதலில் குடியிருப்பு வாசலுக்குப் போகக் கூடாதா என்று கேட்டார்.

மேயர் கோர்டன் ஸ்டப்ஸ், ஊருக்குக் கோர்டி, டிராக்டர் விற்பவர், பெரிய உடம்பு, நல்ல மனசு. கோடைத் திருவிழாவில் ஊருக்கே தோசைக்கல்லில் பான்கேக் சுட்டுப் போடுவார். யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை; அதற்கு அவசியமும் வந்ததில்லை, ஏனென்றால் 'நல்ல கேள்வி', 'கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்', 'அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்' என்ற மூன்றும் அவரிடம் எப்போதும் கைவசம் இருந்தன. அன்றைக்கு அவற்றில் முதல் இரண்டையும் செலவழித்தார்.

டிசம்பரில் ஐரீன் மறுபடி எழுந்தார்.

"போன மாசம் கவனத்துல எடுத்துக்கிட்டீங்களே, கோர்டி. அது இப்ப எங்க இருக்கு?"

"எது?"

"அந்தக் கவனம்."

கவுன்சிலர் லைல் மேயருக்குத் துணையாக வந்தார். பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுப்பவர் அவர். வெளியூர் அணிகள் வருகின்றன, வந்தவர்கள் இங்கே சாப்பிடுகிறார்கள், பெட்ரோல் போடுகிறார்கள், அரங்கத்து வாசலில் வழுக்கி விழுந்தால் ஊர் மானம் போகும் என்று விளக்கினார். ஹாக்கிக்கு வருகிறவர்களுக்கு வயது பதினைந்து, வரப்பை விளையாட்டாகவே தாண்டுவார்களே என்பது ஐரீனின் அடுத்த சின்னச் சந்தேகம். லைல் தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் கோர்டன், எந்தக் கள்ளமும் இல்லாமல், ஊரைச் சமாதானப்படுத்தும் நல்லெண்ணத்தோடு, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"ஐரீன், நீ சொல்றதை நான் மதிக்கிறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. அந்தக் குடியிருப்புலேருந்து இத்தனை வருஷத்துல ஒருத்தராவது இந்த ஹாலுக்கு வந்து புகார் சொல்லியிருக்காங்களா? நிஜமாவே கஷ்டம்னா வந்திருக்க மாட்டாங்களா?"

அவர் சொன்னதில் என்ன கோளாறு என்று தெரியாதவர் மன்றத்தில் மேயர் ஒருவர்தான். கவுன்சிலில் இருந்த ஒரே பெண் உறுப்பினர் டியான் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் பூந்தொட்டிகளையும் திருவிழா விளக்குகளையும் தவிர வேறெதையும் ஒப்படைக்காததால், சிரிப்பை அடக்க அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

ஐரீன் சிரிக்கவில்லை. இந்த இனம் இப்படிப்பட்ட நேரத்தில் சிரிக்காது. அதுதான் அதன் ஆபத்து. அவர்களால் வர முடியவில்லை என்றால் நாம் போகலாமே, கூட்டத்தை வேறு இடத்தில் நடத்த விதியில் இடம் உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றார் எழுத்தர். டியான் முன்மொழிந்தார். கூட்டத்தன்று குடியிருப்புச் சமையலறையில் வெங்காயம் தாளித்துக் கிரீம் ஊற்றிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, அதாவது பெரோகி, இருக்கும் என்று ஐரீன் தகவலுக்காகச் சொல்லிவைத்தார். லைல் வழிமொழிந்தார். பெரோகி விஷயத்தில் அந்தக் கவுன்சிலில் கட்சி பேதம் கிடையாது.

ஜனவரிக் கூட்டத்தன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. ஊழியர்களைக் குறை சொல்ல முடியாது. லாரி நேரத்துக்கு வந்து தெருவைச் சுத்தமாக வழித்தது. டியானும் இன்னொரு கவுன்சிலரான மளிகைக் கடை ஹென்றியும் அதற்கு முன்பே நடந்து வந்து உள்ளே சூடாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது உறுப்பினர் பனிக்குப் பயந்து, வெயில் தேடி அரிசோனாவில் இருந்தார். கூட்டம் தொடங்க மூன்று பேர் வேண்டும். மேயரும் லைலும் காரை மருத்துவமனைக்கு நேரே தெருவிலேயே நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் நடந்து வந்து, அன்றைய பனியில் தொடை உயரத்துக்கு ஏறியிருந்த வரப்பின் முன்னால் நின்றார்கள்.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். பிறகு கோர்டன், பெரிய உடம்பை முன்னால் அனுப்பினால் வரப்பு தானாக விலகும் என்று நினைத்தாரோ என்னவோ, காலைத் தூக்கி வைத்தார். கால் உள்ளே போனது. முழங்கால் வரை போனது. இன்னொரு காலை ஊன்றி அதை இழுக்கப் பார்த்தார். இப்போது இரண்டும் தொடை வரை உள்ளே. லைல் கையைப் பிடித்து இழுத்ததில் மேயர் அசையவில்லை, லைலின் பூட்ஸ் ஒன்று பனிக்குள் தங்கிவிட்டது. ஒற்றைக் காலுறையில் அவர் நொண்டிக்கொண்டிருக்க, குடியிருப்பின் சாப்பாட்டு அறையில் மேசையைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் திரும்பின. வெகுநாளைக்குப் பிறகு அந்த ஜன்னலில் பார்க்கும்படி ஏதோ நடந்தது.

கதவைத் திறந்துகொண்டு, வாக்கரைப் பிடித்தபடி, தோளில் சால்வையோடு பாலின் வாசலுக்கு வந்தார்.

"கோர்டி, நான் ஒரு புகார் குடுக்கணும். நீ உள்ள வர்றியா, இல்ல நான் அங்க வரட்டுமா?"

முதலில் சிரித்தவர் கோர்டன்தான் என்பதை அவர் பெருமைக்குச் சொல்லியாக வேண்டும். தொடை வரை பனியில் நின்றபடி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நீங்க அங்கயே இருங்க, பாலின். நான்தான் வரணும்."

பள்ளிப் பேருந்தில் எப்போதும் கிடக்கும் மண்வெட்டியோடு ஐரீன் வந்து வரப்பை வெட்டத் தொடங்கினார். வெட்டிக்கொண்டே, இப்போதாவது விஷயம் கவனத்துக்கு வந்ததா என்று விசாரித்தார். முழங்கால் தாண்டியே வந்துவிட்டது என்றார் மேயர்.

கூட்டம் நடந்தது. இனிமேல் பனி விழுந்தால் சின்ன இயந்திரம் முதலில் குடியிருப்பு வாசலுக்கும் மருத்துவமனைக்கும், அடுத்துப் பள்ளிக்கூடத்துக்கும், அதன்பிறகே அரங்கத்துக்கும் போக வேண்டும் என்று டியான் தீர்மானம் கொண்டுவந்தார். கடன் வாங்கிய கம்பளிச் செருப்பில் உட்கார்ந்திருந்த லைல், இவ்வளவு அவசரம் வேண்டாம், ஆராய ஒரு குழு போடலாம் என்றார். ஹென்றி மேயரின் முகத்தைப் பார்த்தார். மேயர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஹென்றி எப்போதும். கோர்டனின் வாய் பழக்க தோஷத்தில் 'கவன' என்று தொடங்கிவிட்டது. எதிரே பாலின், வாக்கரின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்டன் வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். ஹென்றியும் தூக்கினார். மூன்றுக்கு ஒன்று.

இங்கே கதை முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் ஐரீன் எழுந்துவிட்டார். அந்த ஓட்டுநர் லீவு போட்டால் யார் ஓட்டுவார்கள்? வரிசைப்படி போனதா என்று மாதா மாதம் இங்கே யார் சொல்வார்கள்? பெரோகி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் பதில் சொல்லி, அதையும் தீர்மானத்தில் சேர்த்த பிறகுதான் தட்டுகள் வந்தன.

பிப்ரவரியில் பாலின் தன் காலால் தெருவைக் கடந்து பயிற்சிக்குப் போனார். மார்ச் கூட்டத்தில் அவர் மன்றத்துக்கே வந்து ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததும், நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று கோர்டன் எழுந்து கைகொடுத்தார். பாலினும் நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, மருத்துவமனைக் கதவு மணி வேலை செய்யாதது பற்றி ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் குடியிருப்பிலிருந்து இன்னும் நான்கு பெண்கள் வந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தாலே இது தொற்றுகிறது என்பது லைலின் கருத்து. ஆனால் அவர்கள் பக்கத்தில் உட்காராமலே, தெருவோரத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களை ஆராயும் பொறுப்பை மேயரிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர் டியான். பூந்தொட்டிகளை இப்போது லைல் பார்த்துக்கொள்கிறார். ஜெரேனியம் நன்றாகவே வருகிறதாம்.

அவ்வளவுதான் நான் சொல்லப்போவது. எச்சரிக்கைக்காகத்தான் சொன்னேன், இப்படிப்பட்டவர்களிடம் நீங்கள் ஒதுங்கி இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம். ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை குறைகிறது. தீர்மானம் போட்டது சரி, அடுத்த குளிர்காலத்திலும் அந்த இயந்திரம் முதலில் அங்கேதான் போனதா, பாலின் வாக்கரை விட்டாரா, அந்த மணி அடிக்கிறதா என்று கேட்க உங்கள் வாய் திறக்கிறதே? அப்படியானால் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் கூட்டம் எந்தக் கிழமை என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.