பில்லை இங்கே கொடுங்கள்

சாப்பாட்டுக் கடையில் பில் வந்ததும் கை கழுவப் போய்விடுகிறவர்களை ஊரே கேலி செய்து ஓய்ந்துவிட்டது. அவர்களை விடுங்கள், கையாவது சுத்தமாகிறது. இங்கே பார்க்கப்போவது அதற்கு நேர்மாறான இனம். பில் சமையலறைப் பக்கத்திலிருந்து கிளம்பியே இருக்காது, இவர் கை நீண்டுவிடும்.

"குடுங்க குடுங்க, நான் கார்டுல போட்டுடுறேன். நீங்கல்லாம் எனக்குக் கையில குடுத்துடுங்க."

தாராள மனசு என்று மயங்கிவிடாதீர்கள். கார்டைத் தேய்த்தால் வங்கி பரிசாகப் பாயின்ட் போடும், இவர் அந்தப் பாயின்ட் சேர்க்கிறார்.

நம் ஆள் ஒரு டைல்ஸ் கிடங்கின் மேற்பார்வையாளர். லாரியிலிருந்து இறங்கும் அட்டைப் பெட்டியைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கிடங்கில் அவருக்குப் பெயர் 'பாயின்ட் அண்ணன்'. அது கேலி என்பது தெரியாமல் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் அவர் அறியாத ஒழுக்கம் கிடையாது. பத்திரிகையில் வந்த கட்டுரை ஒன்றைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். கார்டு ஒன்றே போதும், தேவையா ஆசையா என்று கேட்டுக்கொண்டு வாங்கு, வாரம் ஒருமுறை செலவைப் பார், கெடுவுக்கு முன் முழுத் தொகையையும் கட்டு. இத்தனையும் மனப்பாடம். கிடங்கில் சிக்கியவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து ஒப்பிப்பார்.

"கார்டு கத்தி மாதிரி தம்பி. காயும் நறுக்கலாம், கையையும் நறுக்கிக்கலாம்."

"அதான்ணே நான் கத்தியே வாங்கல" என்றார் லாரி ஓட்டுநர்.

"அப்போ உனக்குப் பாயின்ட் எப்படிப்பா வரும்?"

ஓட்டுநர் லாரியில் ஏறினார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. மற்றவர்கள் கையில் கொடுக்கிறார்களே, அந்தக் காசு யாருடையது? வங்கியுடையது. சில வாரம் இவர் சட்டைப் பையில் விருந்தாளியாகத் தங்க வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கிடங்குக்காரர்களின் மதியச் சாப்பாட்டுக்கும், மைத்துனரின் வண்டி டயருக்கும், மருந்துக் கடை வரிசையில் முன்னால் நின்ற முகம் தெரியாதவரின் இருமல் மருந்துக்கும் கார்டைத் தேய்த்துவிட்டு, அவர்கள் நீட்டிய நோட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது அவருக்கு ஒரு மிதப்பு வரும் பாருங்கள், அது சம்பளம் வாங்கியவனின் மிதப்பு. சம்பளம் வாங்கியவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவானா? பழம் வாங்குவார். செருப்பு வாங்குவார். கண்ணில் பட்ட டார்ச் விளக்கை வாங்குவார். கார்டைத் தொடவே மாட்டார். எல்லாம் கைக்காசு!

மாதக் கெடு வரும். பில் முழுக்க இவர் பெயரில், காசு முழுக்கக் கடைத்தெருவில். "இந்த மாசம் மட்டும் மினிமம் கட்டிடுவோம்" என்பார். இவருடைய 'இந்த மாசம்' போன வருஷமே தொடங்கிவிட்டது. வட்டி குட்டி போட்டது, குட்டியும் குட்டி போட்டது.

இப்படி இருக்கையில் தூரத்து ஊரிலிருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, டாக்டர் நாளைக்கே அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. நீ வந்துடுவல்ல?" தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவர், நடுக்கடலில் இருந்தார். விமானம் ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

"ஏங்க, பிரசவத்துக்குப் பாயின்ட்லயே பறந்துடலாம்னு அவ கல்யாணத்துலேருந்து சொல்றீங்களே. டிக்கெட்டைப் போடுங்க" என்றார் மனைவி.

பாயின்ட் அண்ணன் வங்கிக்கு போன் போட்டார். அழுத்தச் சொன்ன எண்களையெல்லாம் அழுத்தி முடித்ததும் ஒரு தேன்குரல் வந்தது.

"சார், உங்க பாயின்டுக்கு ஒரு டிராவல் பேக் வரும்."

"டிக்கெட் வராதாம்மா?"

"அதுக்குப் பத்தாது சார். பேக் நல்லா இருக்கும், சக்கரம் வச்சது."

சரி, கார்டிலேயே டிக்கெட் போடலாம் என்று பார்த்தார். கடன் வரம்பு தலையில் இடித்தது. இன்னொரு முறை முயன்றார், கேட்பதை வேறு தொனியில் கேட்டால் கார்டு மனசு மாறிவிடும் என்பதுபோல.

"என்னாச்சுங்க?"

"சர்வர் ஸ்லோ."

"உங்க பேரப் பிள்ளைகிட்டயும் அதைச் சொல்லி நிறுத்தி வைங்க."

மனைவி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். கை நடுங்குகிறவர்களோடு வாதம் செய்வதில்லை. அலமாரியைத் திறந்து, கடைவாய்ப் பல்லைச் சரிசெய்ய வைத்திருந்த பணத்தை எடுத்தார். அந்தப் பக்கம் மென்று மாதங்களாகின்றன. கையில் காசு இருந்தாலும் டிக்கெட்டை போனில்தானே போட வேண்டும்? அவருக்கு அது பழக்கமில்லை. நேரே மாடி வீட்டு இன்ஷூரன்ஸ்காரரிடம் போனார். பின்னாலேயே நம் ஆளும் படியேறினார்.

"தம்பி, அவசரமா ஒரு டிக்கெட். காசு இந்தாங்க."

"அட, இதுக்கென்னக்கா! என் கார்டுலயே போட்டுடுறேன்." மாடிக்காரரின் கண் ஒருமுறை மின்னியது. டிக்கெட் வந்தது. நோட்டுகள் மடிந்து அவர் சட்டைப் பைக்குள் போயின.

அந்த நோட்டுகள் இனி எந்தெந்தக் கடையில் ஏறி இறங்கும் என்பது நம் ஆளுக்கு அத்துப்படி. 'தம்பி, அதை இன்னைக்கே பேங்க்ல கட்டிடுங்க' என்று சொல்ல இந்த உலகத்திலேயே தகுதியான ஆள் அவர்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எத்தனை பாயின்ட் விழுந்துச்சு?"

மனைவி திரும்பிப் பார்த்தார். மறுநாள் பேத்தி பிறந்தாள், முதலில் பாட்டியின் கைக்குத்தான் வந்தாள். பாட்டி இன்னமும் ஒரு பக்கமாகத்தான் மெல்கிறார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை, தெரியும். ஆனால் ஒரு விமான டிக்கெட்டுக்கு உங்கள் கார்டில் எத்தனை பாயின்ட் விழும் என்று, இப்போது மனசுக்குள் பெருக்கிப் பார்த்தது யார்?