ஆறிப்போன அண்ணன்

மனித உறவுகளை முறைப்படுத்தும் உயரிய நோக்கத்துடன், நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஆள் சேர்த்து, அந்த ஆளை விட்டு இன்னும் ஆள் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் விற்கும் நிறுவனம் அது. திரவத்தைப் பற்றி இரண்டு நிமிடமும், ஆட்களை நிர்வகிக்கும் செயலியைப் பற்றி மூன்று மணி நேரமும் பேசுவதாகத் திட்டம்.

புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேரில் தையல்காரரும் ஒருவர். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவரை மனைவிதான் பிடித்துத் தள்ளி அனுப்பியிருந்தாள்.

"போன்ல இருக்கற எல்லாப் பேரையும் ஆப் தானாவே மூணாப் பிரிச்சிடும்," என்றார் டை கட்டிய பயிற்சியாளர். "அடிக்கடி பேசறவங்க சூடு. எப்பவாவது பேசறவங்க வெதுவெதுப்பு. பேசவே பேசாதவங்க ஆறினது."

"என் வீட்டுக்காரர் ஆறினதுல வர்றாரே சார்?" என்றார் முன்வரிசை டீச்சர்.

"ஒரே வீட்ல இருக்கறதால போன் பண்ணியிருக்க மாட்டீங்க. இனிமே போன்லயே பேசுங்க மேடம். ஆப்புக்குத் தெரிய வேண்டாமா?"

டீச்சர் பயபக்தியுடன் குறித்துக்கொண்டார்.

தையல்காரரின் திரையில் முதல் பெயர் அண்ணன். 'மூன்று வருடம் நான்கு மாதம். உடனே அழைக்கவும்' என்று சிவப்பெழுத்து மின்னியது. அண்ணன் மகள் கல்யாணத்தில், இவர் சாப்பாட்டுக் கூடத்தில் வியர்க்க விறுவிறுக்கப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, குடும்பப் போட்டோவை எடுத்து முடித்துவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அவர் கூப்பிடட்டும் என்று இவரும், இவன் கூப்பிடட்டும் என்று அவரும் வீம்பு பிடித்தார்கள். எத்தனையோ தடவை அந்த எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்திருக்கிறார், பாவம். இப்போது கூப்பிடச் சொல்வது செயலி. கௌரவத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

"நல்ல உதாரணம்! ஸ்பீக்கர்ல போடுங்க சார்," என்று பயிற்சியாளர், போனில் என்ன பேச வேண்டும் என்று அச்சடித்திருந்த கையேட்டின் மூன்றாம் பக்கத்தை நீட்டினார்.

இரண்டாவது மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டார்.

"டேய்... நீயாடா?"

"நான்தாண்ணே."

"எத்தனை நாளாச்சுடா உன் குரலைக் கேட்டு!"

தையல்காரர் கையேட்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தார். திரவமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று எழுந்தே விட்டார்.

"அண்ணே, இப்பவே வீட்டுக்கு வரட்டுமா?"

"வாடா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். உன் வாழ்க்கையையே மாத்தப்போற ஒரு நல்ல விஷயம் இருக்கு. ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?"

மூன்றாம் பக்கம், இரண்டாவது வரி. வகுப்பே கூடச் சேர்ந்து வாயசைத்தது.

"பாத்திரம் தேய்க்கறதாண்ணே?"

"உனக்கெப்படிடா தெரியும்?"

பயிற்சியாளர் பாய்ந்து வந்து இணைப்பைத் துண்டித்தார். "அவர் நம்ம கம்பெனியிலேயே வேற அணி! நம்ம ஆளுங்க அவங்களோட பேசவே கூடாது. விதி பதினொண்ணு. பேசினா ரெண்டு பேரையும் நீக்கிடுவாங்க."

"அவர் என் கூடப்பிறந்தவர் சார்."

"ஆப்ல அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

வாசல் ஆறடி தூரத்தில்தான் இருந்தது. அண்ணன் தேடியது தன்னையா, அரை மணி நேரத்தையா என்று நினைக்க நினைக்க அவருக்கு வலித்தது. தானும் பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம் என்பது வசதியாக மறந்துபோனது. இனிப் பேசாவிட்டால் அது வீம்பல்ல, நிறுவனத்தின் விதி. தையல்காரர் உட்கார்ந்தார்.

பின்வரிசையில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கைதூக்கினார்.

"சார், என் மச்சானை அந்த அணியில சேத்துவிட முடியுங்களா?"

அன்று மாலைக்குள், அந்த ஒரு வகுப்பிலிருந்து மட்டும், அண்ணனின் அணியில் நாற்பத்தொரு உறவினர்கள் சேர்க்கப்பட்டார்கள்.