அத்தானைத் தொலைத்த வினைச்சொல்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றொரு நம்பிக்கை எங்கள் வீட்டில் இருந்தது. அதைப் பரப்பியவள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. ஆறு மாத ஆங்கில டிப்ளோமா ஒன்றை முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தேன். (ஆணி அடித்தவளும் நானே. வேறு யாரும் அதற்கு முன்வரவில்லை.) பிறர் பேசும் ஆங்கிலத்தில் பிழை பிடிப்பதுதான் எனக்கு முழுநேர வேலை. யாராவது ‘டிஸ்கஸ் எபௌட் இட்’ என்றால் போதும். “எபௌட் தேவையில்லை, நேரா டிஸ்கஸ் இட்” என்று ஆரம்பித்துவிடுவேன். எந்த வினைச்சொல் ‘ஹிம்’மை நேரே பிடிக்கும், எதற்கு இடையில் ஒரு ‘டு’வோ ‘ஃபோ’வோ வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்தேன்.

இதில் அதிகம் அகப்பட்டவர் அத்தான், அக்காவின் கணவர். சாம்பல்தீவுக்காரர். சரக்குக் கப்பலொன்றின் குசினியில் சமையல் வேலை. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எனக்கென்றே ஒரு வட்ஸ்அப் செய்தி வரும்: ‘மச்சாள், ஐ ரீச்ட் டு போர்ட்.’ ‘ரீச்’சுக்குப் பிறகு ‘டு’ வராது என்று நான் குரல்பதிவு அனுப்புவேன். அடுத்த துறைமுகத்திலிருந்தும் அதே ‘டு’ வரும். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்பது எனக்குப் பிடிபட இரண்டு வருடம் எடுத்தது.

அத்தானிடம் இன்னொரு குணம். போன இடத்தில் காணாமல் போய்விடுவார். மூதூரில் ஒரு கல்யாண வீட்டில், தேத்தண்ணி குடிக்கப் போனவரை மூன்று மணித்தியாலம் தேடினோம். யாரென்றே தெரியாத ஒருவரின் முற்றத்தில் நெல் மூட்டை இறக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

ஒரு முறை, வயிற்றுவலி என்றும், கப்பலிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரியில் காட்டப்போகிறார்கள் என்றும் அக்காவுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள், இப்போது பரவாயில்லை என்றார். அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணியளவில் அக்காவின் போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம். அக்கா “ஹலோ” என்றாள், பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

“இங்கிலிஷ். நீ கதை.”

குசினிக்குள் இருந்த அம்மாவும் வந்து நின்றார். நான் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு போனை வாங்கினேன். (போனில் தெரியாதுதான்.)

ஓர் ஆண் குரல். கப்பல் கொம்பனியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். மிகவும் மெதுவாகப் பேசினார்.

“ஐ ஆம் சோ சொறி, மேடம். வீ லொஸ்ட் ஹிம் திஸ் மோர்னிங்.”

லூஸ், லொஸ்ட், லொஸ்ட். நான் மனப்பாடம் செய்த பட்டியலில் இருந்த சொல். அதற்குப் பின்னால் குடை வரும், பூட்டின் திறப்பு வரும், பேனை வரும். மனிதர் வந்த வசனம் ஒன்றை நான் கண்டதில்லை.

“வெயார் யூ லொஸ்ட் ஹிம்?” என்று கேட்டேன்.

அவர் இன்னும் மெதுவாகச் சொன்னார்: “அட் த ஹொஸ்பிடல், மேடம்.”

“பிளீஸ் சேர்ச் ஹிம். சேர்ச் ஹிம் வெல்.”

(‘சேர்ச் ஹிம்’ என்றால் ஒருவருடைய சட்டைப்பையைத் துழாவிச் சோதிப்பது. ஆளைத் தேடுவதென்றால் நடுவில் ஒரு ‘ஃபோ’ வேண்டும். ஊரெல்லாம் பிழை பிடித்தவளின் வாயில் அன்று அந்த ‘ஃபோ’ வரவில்லை.)

தான் சொல்வது எனக்கு விளங்குகிறதா என்று அவர் கேட்டார். விளங்குகிறது, விளங்குகிறது என்றேன். திருகோணமலை அலுவலகத்திலிருந்து ஒருவர் இன்று வீட்டுக்கு வருவார் என்று சொன்னார்.

போனை வைத்துவிட்டு மொழிபெயர்த்தேன். “அத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள தொலைஞ்சிட்டாராம். ஆரோ இஞ்ச வருவினமாம்.”

அக்கா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். “அப்ப சுகமாயிட்டுது. இல்லாட்டி எப்பிடி எழும்பித் திரியிறது? தேத்தண்ணிக் கடை தேடிப் போயிருக்கும் அந்த மனுசன்.”

அன்று மத்தியானம் முழுக்க அவள் அத்தானை ஏசினாள். பக்கத்து வீட்டாரிடம் வேலிக்கு மேலால் சொல்லி ஏசினாள். “எங்க திரியிறீங்கள்? வெக்கமில்லையா, ஒரு ஆஸ்பத்திரியே தேடுதாம்” என்று அவருடைய போனுக்கும் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். அம்மா சூடை மீன் பொரித்தார். மூதூர்க் கல்யாணத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு மூவரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். வருகிறவர் ‘காணவில்லை’ என்று அறிவித்தல் போடப் படம் கேட்பார் என்று நான் சொன்னேன். அக்கா அலுமாரியைக் கிண்டி ஒரு படம் எடுத்து வைத்தாள்.

மூன்று மணிக்கு வந்தவர் நஸீர் நானா. கிண்ணியாக்காரர். கொம்பனியின் முகவர் அலுவலகத்தில் வேலை. ஆவணக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அக்கா படலையடியிலேயே படத்தை நீட்டினாள்.

“நானா, இந்த ஒரு படம் காணுமோ? இதில முகம் வடிவாத் தெரியும். சேட்டு மட்டும் வேற போட்டிருப்பார்.”

அவர் படத்தை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். “காலையில உங்களுக்குப் போன் கோல் வரல்லையா?”

“வந்தது. தொலைஞ்சிட்டார் எண்டு சொன்னவை,” என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“தங்கச்சி, நீங்க உள்ளுக்கு வந்து கதிரையில இருங்க,” என்று அக்காவிடம் சொன்னார். “நான் தமிழிலேயே சொல்றன்.”

வயிற்றுக்குள் ஏதோ வெடித்து அன்று காலையே அத்தான் இறந்துவிட்டாராம்; அந்த ‘லொஸ்ட்’டுக்கு அதுதான் பொருள். அத்தான் பெட்டியில் வீட்டுக்கு வந்துசேர இரண்டு கிழமை எடுத்தது. நான் சான்றிதழைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டேன். அக்கா அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. தேவையானதை அம்மாவிடம் சொல்லுவாள், அம்மா என்னிடம் சொல்லுவார். கோபமா என்று கேட்க எனக்குப் பயம். ஒரு வருடம் இப்படியே போனது.

ஆண்டுத் திவசத்துக்கு வெருகலிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் இருந்துகொண்டு, “பிள்ளை, உனக்கு இந்தச் செய்தியை முதல்ல ஆர் சொன்னது?” என்று அக்காவைக் கேட்டுவிட்டார். சோறு போட்டுக்கொண்டிருந்த நான் அகப்பையோடு அப்படியே நின்றேன்.

“இவள்தான்,” என்றாள் அக்கா. “சொன்னவள் எண்டு சொல்ல ஏலாது. கொம்பனிக்காரனுக்கு ஓடர் போட்டவள். ‘பிளீஸ் சேர்ச் ஹிம், சேர்ச் ஹிம் வெல்’ எண்டு.”

என் குரலிலேயே சொன்னாள், மூக்கையும் கொஞ்சம் உயர்த்தி. சிரிப்பதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காதான் முதலில் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. பிறகு அம்மா. பிறகு நான். முகத்தைத் துடைத்துவிட்டு அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி நிக்கிறாய்? ரசத்தைக் கொண்டா.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு திவசத்திலும் அந்தக் கதை நடக்கும். வீட்டில் திறப்பையோ மூக்குக்கண்ணாடியையோ காணவில்லையென்றால், யாராவது ‘சேர்ச் ஹிம் வெல்’ என்பார்கள். புதிதாக வந்த மருமக்களுக்கும் அது பாடம். நானும் சிரிப்பேன்.

ஆனால் அந்தப் பகிடியில் நான் ஒரு வரியைச் சேர்த்ததில்லை. அத்தானை அன்று அவ்வளவு ஏசிய அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனை வைப்பதற்கு முன், வாசலுக்கு நகர்ந்து மெல்லிய குரலில், நான் அந்த மனிதரிடம் இன்னும் ஒன்று கேட்டிருந்தேன். “வென் யூ ஃபைண்ட், டோன்ட் ஸ்கோல்ட் ஹிம்.” கிடைத்ததும் அவரை ஏசாதீர்கள். அன்று நான் பேசியதில் பிழையில்லாமல் வந்தது அந்த ‘டோன்ட் ஸ்கோல்ட் ஹிம்’ ஒன்றுதான்.

அவர் ஒவ்வொரு சொல்லாக, “நோ, மேடம். நோபடி வில் ஸ்கோல்ட் ஹிம்” என்றார்.

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.