வடிகட்டியில் நின்ற வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீயை வாங்கிக்கொண்டே எங்கள் வீட்டுக்காரர் அறிவித்தார்.

"இன்னையிலேருந்து இந்த வீட்டுல வாயால எந்த வேலையும் கிடையாது. எல்லாம் லிஸ்ட்ல."

அவர் ஒரு கம்பெனியின் கிடங்கு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அங்கே புதிதாக ஏதோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே பட்டியல். என்ன வேலை, யார் பொறுப்பு, என்றைக்குள் முடிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். வேண்டியதை மட்டும் பொறுக்கிப் பார்க்கலாம். இவர் அதில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அலுவலகத்தில் இவருக்கு 'லிஸ்ட் ஐயா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கேலி என்று எனக்குப் புரிந்தது. பட்டம் என்று இவர் சந்தோஷமாக இருந்தார்.

அதை என் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். வெளியூரில் இருக்கும் மகளையும் மகனையும்கூடச் சேர்த்துவிட்டார்.

"ஒரு விதி. யார் பேர்ல வேலையோ, அவங்கதான் முடிஞ்சதுன்னு டிக் போடணும். மத்தவங்க தொட்டா ஏறாது. அப்படி செட் பண்ணிட்டேன்."

"சரிங்க."

"இது ஃபில்டர். 'அம்மா'ன்னு போட்டா உன் வேலை மட்டும் வரும். மீதி எல்லாம் போயிடும்."

"எங்க போயிடும்?"

"போயிடும்னா போயிடும்."

"டீயை வடிகட்டினா தூள் வடிகட்டியில நிக்குதே. இது எங்கேங்க நிக்கும்?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றார். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் 'அம்மா' என்று ஃபில்டர் போட்டுப் பார்ப்பார். "ஜன்னல் துணி துவைக்கிறது ஏன் இன்னும் நிக்குது?" என்பார். பக்கத்திலேயே நான் நிற்பேன். என்னைப் பார்த்துக் கேட்க மாட்டார். போனைப் பார்த்துத்தான் கேட்பார்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்புதான். சிரிப்பு வராதது ஒன்றே ஒன்று. அவர் கழுத்தில், வலது காதுக்குக் கீழே ஒரு கட்டி. முதலில் பட்டாணி போல இருந்தது. இப்போது கோலிக்குண்டு ஆகிவிட்டது. முகம் மழிக்கும்போது அந்த இடம் வந்தால் கை சுற்றிக்கொண்டு போகும். சட்டைக் காலரை நாளுக்கு நாள் மேலே இழுத்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க."

"லிஸ்ட்ல போடு."

போட்டேன். 'கழுத்துக் கட்டியை டாக்டரிடம் காட்டுவது. பொறுப்பு: அப்பா.' எழுத்துக் கூட்டி, கடவுளை நினைத்துக்கொண்டுதான் போட்டேன். மறுநாள் பார்த்தால் காணோம்!

"ஏங்க, அந்த வேலை என்ன ஆச்சு?"

"எந்த வேலை? லிஸ்ட்ல இல்லாத வேலை இந்த வீட்டுல இல்லை" என்று குளிக்கப் போய்விட்டார்.

மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, மேல பூதக்கண்ணாடி மாதிரி ஒரு படம் இருக்கா? அதைத் தொட்டு, தேட வேண்டிய வார்த்தையை அடி."

'கட்டி' என்று அடித்தேன். வந்தது பாருங்கள் ஒரு வரிசை. 'டீ வடிகட்டி ஓட்டை, புதுசு வாங்குவது.' 'கட்டில் கால் ஆடுகிறது, ஆணி அடிப்பது.' 'ஐஸ்கட்டித் தட்டு உடைந்தது.' எல்லாவற்றுக்கும் கடைசியில் பரிதாபமாக, 'கழுத்துக் கட்டி.'

"இருக்கும்மா! போகல!"

"எங்க போகும்? அப்பா அதுக்கு 'பிற்பாடு'ன்னு ஒரு தலைப்பு கொடுத்து ஒதுக்கி வச்சிருக்கார். உன் போன்ல 'வீடு'ங்கிற தலைப்பு மட்டும் தெரியற மாதிரி ஃபில்டர் போட்டுக் கொடுத்திருக்கார். அவ்வளவுதான்."

'பிற்பாடு' என்பதைத் திறந்தேன். அங்கே ஒரு குடும்பமே இருந்தது. ஒழுகுகிற குழாய். கண்ணாடிப் பவர் மாற்றுவது. என் தம்பிக்குப் போன் பண்ணுவது. பாவம், என் தம்பி குழாய்க்கும் கீழே கிடந்தான்.

"நான் அப்பாகிட்ட பேசட்டுமா? நல்லா சத்தம் போடறேன்."

"வேண்டாம்மா. சத்தம் போட்டா இதுக்கு மேல இன்னொரு ஃபில்டர் போட்டுப்பார். அவருக்குப் பயம்."

"அப்பாவுக்கா?"

"பயம் இல்லைன்னா எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டு ஒளிச்சு வைக்கிறார்?"

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கடவுளே, பொய் சொல்லாமல் இவரை டாக்டர் வாசல் வரைக்கும் கொண்டுபோக ஒரு வழி காட்டு என்று கேட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது வழி கையிலேயே இருந்தது. மகளை மறுபடி கூப்பிட்டு, எதை எங்கே தொட வேண்டும் என்று கேட்டேன். தலைப்பை 'வீடு' என்று மாற்றினேன். பொறுப்பில் 'அப்பா'வை எடுத்துவிட்டு 'அம்மா' என்று போட்டேன். நாள், வெள்ளிக்கிழமை. கூட்டிக்கொண்டு போகப்போவது நான்தானே? பொறுப்பு என்னுடையதுதான்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றினார். ஃபில்டரைப் போட்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னது இது?"

"எதுங்க?"

"கட்டி... டாக்டர்... உன் பேர்ல இருக்கு?"

"ஆமாங்க. என் வேலைதான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா இதே கவலைங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வாயால கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தன்னுடையது 'பிற்பாடு'க்குள் பத்திரமாகக் கிடக்கிறது, இது எனக்கு வந்த கட்டி என்று நினைத்துவிட்டார். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை. யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தானும் அதே மாதிரி ஒன்றை வைத்திருக்கிறவர், அதைப்பற்றிப் பேச்சு வளர்ப்பாரா?

"பயப்படாதே. இந்த மாதிரி விஷயத்தை மட்டும் தள்ளிப்போடவே கூடாது" என்றார்.

"அதேதாங்க நானும் நினைச்சேன்."

வெள்ளிக்கிழமை வரை வீடு தலைகீழ். பாத்திரம் அவர் தேய்த்தார். ஜன்னல் துணியை அவர் துவைத்தார். குழாய் ஒழுகலை நிறுத்தினார். "நீ உட்காரு, நீ உட்காரு" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். இவ்வளவு பிரியத்தையும் இத்தனை வருஷமாக எந்தத் தலைப்பில் போட்டு வைத்திருந்தாரோ!

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். என் தைரியத்துக்காக, பக்கத்தில் இருந்த காக்கிச் சட்டை டிரைவர் ஒருவரிடம் உரக்கப் பேசினார்.

"சின்னதா இருக்கும்போதே வந்து காட்டிடணும் சார். ஒளிச்சு வைக்கிறவனை மாதிரி முட்டாள் உண்டா?"

"சரியாச் சொன்னீங்க" என்றார் டிரைவர். பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "கழுத்துக் கட்டி யாருக்கு?"

"இவருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சும் அவரைப் பார்த்தது. திரும்பி ஓட வழியில்லை. வாசல் கதவை அவர் பேசிய பேச்சே சாத்திவிட்டது. காலர் தானாகக் கீழே இறங்கியது.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். பக்கத்து அறையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்து, "ரிசல்ட் வரட்டும், சாயங்காலம் வாங்க" என்றார்கள். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. எதிரில் ஒரு டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் என் விரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் இடைவிடாமல் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வெறும் கொழுப்புக் கட்டி. ஆபத்து இல்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்" என்றார் சாயங்காலம் டாக்டரம்மா. எழுந்து அவரைக் கைகூப்பிக் கும்பிட்டேன்.

தெருவுக்கு வந்ததும் அவர் நின்றார்.

"உனக்கு நிஜமாவே கட்டி ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா" என்றார். தன் கட்டிக்குச் சொல்லாத அப்பாடா அது. பஸ் வரும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. தன் போனை எடுத்தார்.

"முடிஞ்சது. டிக் போட்டுடறேன்." போட்டார். ஏறவில்லை. மறுபடி அழுத்தினார்.

"அது என் பேர்ல இருக்குங்க. மத்தவங்க தொட்டா ஏறாது."

போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் என் போனில் டிக் போட்டேன். போட்ட கையோடு, அதே வேலை ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியோடு மறுபடி முளைத்தது. கிளம்பும் முன் டாக்டருக்குப் பணம் கட்ட இவர் போன நேரத்தில், மகள் போனில் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"இது என்னது, திரும்ப வருது? இதை எப்படி எடுக்கறது?" என்றார் எட்டிப் பார்த்து.

"எனக்கென்னங்க தெரியும்? நான் டீ வடிகட்டி மட்டும்தான் பார்த்தவ."