லைட்னிங் டீச்சர்

லைட்னிங் டீச்சரைப் போலப் பயந்த மனுஷியை நான் கொடைக்கானல் மலையிலும் கண்டதில்லை, அடிவாரத்திலும் கண்டதில்லை. மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். கணவர் பழனிக்குப் பஸ் ஓட்டுகிறவர். மலைப்பாதையில் மேகம் இறங்கினால் போதும், டீச்சர் எங்கள் டெலிபோன் ஆபீஸ் படியேறிவிடுவார்.

அப்போதெல்லாம் வெளியூர் பேச டிரங்க் கால் பதிய வேண்டும். மலையிறங்கும் லைன்கள் கொஞ்சம், பேசுகிறவர்கள் ஏராளம். அதனால் நெரிசலுக்கு விலை வைத்திருந்தார்கள். ஆர்டினரி என்றால் காத்துக்கிடக்கணும். அர்ஜண்டுக்கு இரட்டிப்புக் கட்டணம். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. அது எல்லோரையும் தாண்டிப் போகும். லாட்ஜ் முதலாளிகளே யோசித்துப் பதியும் லைட்னிங்கை டீச்சர் கத்தரிக்காய் வாங்குவதுபோலப் பதிவார்.

"சார், வெரசா பழனி டிப்போவுக்குப் போடுங்க."

"வண்டி இப்பத்தானே டீச்சர் கெளம்புச்சு?"

"அதான் சார் பயமா இருக்கு!"

ஒருமுறை டிப்போக்காரர், "டிரைவர் பொங்கல் தின்னுக்கிட்டு இருக்காரு டீச்சர்" என்றார். "ஐயோ, அவருக்கு நெய் ஆகாதே!" என்று அலறினார் டீச்சர். அந்தச் சத்தம் போன் இல்லாமலே பழனிக்குக் கேட்டிருக்கும். மறுநாள் வயிற்றை விசாரிக்க இன்னொரு லைட்னிங்.

ஒரு மே மாதச் சீசனில் பேய்மழை. ஒரே ஒரு லைன்தான் உயிரோடு இருந்தது. ஊர் பார்க்க வந்த பணக்காரர்கள் எல்லோரும் லைட்னிங் பதிந்ததில், லைட்னிங்குக்கே வரிசை நீண்டுவிட்டது. வெள்ளனே வந்திருந்த டீச்சர்தான் முதல் ஆள். பழனிப் பாதையில் மரம் விழுந்ததாகச் சேதி. கணவரின் வண்டி எங்கே என்று தெரியவில்லை.

அப்போது வில்பட்டிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். இங்கே ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. திண்டுக்கல்லில் இருக்கும் மச்சானின் ரத்தம்தான் சேரும். கையில் ஆர்டினரிக்குத்தான் காசு இருந்தது.

"ஆர்டினரின்னா சாயங்காலம் ஆயிரும்ணே" என்றேன்.

"அதுவரைக்கும் தாங்குவாளாங்க?"

டீச்சர் எழுந்தார்.

"சார், என் லைட்னிங்கைத் திண்டுக்கல்லுக்கு மாத்துங்க."

"உங்க வீட்டுக்காரரு?"

"மாத்துங்கன்னு சொல்றேன்ல!" கத்தும்போதே அழுதுவிட்டார்.

வில்பட்டிக்காரர் பேசினார். மச்சான் உடனே புறப்பட்டார். டீச்சரிடம் மிஞ்சியது ஆர்டினரிக்கான காசு. வரிசையின் கடைசியில் பதிந்துவிட்டு, ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் பாதி எழுந்து உட்கார்ந்தார். எனக்கு டூட்டி முடிந்தும் போக மனசில்லை. பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

இருட்டும் நேரத்தில் முழங்கால்வரை சேற்றோடு கணவர் வந்து நின்றார். வடகவுஞ்சிப் பக்கம் விழுந்த மரத்தைப் பயணிகளோடு சேர்ந்து வெட்டித் தள்ளிவிட்டு வந்திருந்தார். டீச்சர் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

பிரசவச் சேதி தெரியாமல் டீச்சர் தூங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். மச்சான் வந்து சேர்ந்திருந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். அதைச் சொல்ல டீச்சர் வீட்டுக்கு மழையிலேயே நடந்தேன்.

கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த நொடியே, "ஏன் சார் இப்படி நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க? காய்ச்சல் வந்துட்டா?" என்று பதறினார்.

அன்றிலிருந்து டீச்சரின் பயங்களில் நானும் ஒருவன். எனக்கு அது பிடித்திருந்தது.